பட்டாவைத் தேடி வரும் பணம்: பெங்களூரைச் சுற்றி விவசாய உதவித் திட்டங்கள்

பெங்களூர்த் தமிழர்களில் நிலத்தோடு தொடர்பு விட்டுப்போகாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் அப்பா பேரில் இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்கிறவர்கள் உண்டு. ஆனேக்கல், சர்ஜாபுரம், மாலூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து ரோஜாவும் தக்காளியும் போடுகிறவர்கள் உண்டு. சமீப காலத்தில் கோலார், சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் நிலம் வாங்கிய ஐடி ஊழியர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். அரசாங்கம் விவசாயிக்கு என்ன தருகிறது என்று இவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், நம் விவசாய உதவி யாரைப் பார்த்து நடக்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பது தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த பி.எம். கிசானிலிருந்து தொடங்கலாம். 2019 பிப்ரவரியில் வந்த திட்டம். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கே வரும். குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் முந்தைய ஆண்டு வருமான வரி கட்டியிருந்தாலும் பணம் கிடையாது. கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், பதிவு செய்து தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் ஆகியோருக்கும் கிடையாது. இங்கே பலர் தடுமாறுவது இரண்டு இடங்களில். மனைவி பேரில்தான் நிலம் இருக்கிறது, நான் வரி கட்டினால் என்ன என்று நினைப்பது தவறு. குடும்பமே தகுதி இழக்கிறது. அப்படி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் ஊரில் அப்பா தன் பேரில் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தால், பெங்களூரில் வரி கட்டும் வளர்ந்த மகன் அந்தக் குடும்பக் கணக்கில் வரமாட்டான். அப்பாவுக்கு உரியது அப்பாவுக்குக் கிடைக்கும்.

இன்னொன்று, நிலம் யார் பேரில் என்பதைப் பார்க்க விதிமுறை வைத்திருக்கும் நாள் 2019 பிப்ரவரி 1. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்கு இடமில்லை; உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. கர்நாடகத்திலோ 2020-ல்தான் நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகளை எடுத்துவிட்டு, விவசாயக் குடும்பத்தில் பிறக்காதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்த வழியாக உள்ளே வந்தவர்கள் பி.எம். கிசானை மறந்துவிடலாம்.

கர்நாடகத்தில் பெரும்பாலான திட்டங்களுக்கு வாசல் ஒன்றே. ஃப்ரூட்ஸ் என்ற அரசின் விவசாயிகள் பதிவேட்டில் ஆதாரையும் பஹணி எனப்படும் நிலப் பதிவையும் இணைத்து எஃப்ஐடி என்ற எண் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஹோப்ளியிலும் (தாலுகாவுக்குள் வரும் ஊர்த் தொகுப்பு) இருக்கும் ரைத்த சம்பர்க்க கேந்திரம் என்ற விவசாயிகள் தொடர்பு மையத்தில் இதைச் செய்து தருவார்கள். விதை, உரம், சொட்டுநீர், ராகி கொள்முதல், வறட்சி நிவாரணம் எல்லாமே அந்த எண்ணின் வழியாகத்தான் நகரும். தமிழ்நாட்டிலும் இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதிவு நடக்கிறது. ஓசூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலம் இருப்பவர் இரண்டு இடத்திலும் பதிவு செய்தாக வேண்டும்.

பதிவேடு என்று வந்துவிட்டால் தாத்தா பேரில் நிற்கும் பட்டா பெரிய தொல்லை. கூட்டுப் பட்டாவில் ஏழெட்டுப் பேர், அதில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. கர்நாடகத்தில் இதைச் சரிசெய்யும் நடைமுறைக்குப் பவுத்தி காத்தா என்று பெயர். தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழோடு பட்டா மாறுதல். எந்த மானியத்தைவிடவும் முதலில் முடிக்க வேண்டிய வேலை இதுதான். காகிதம் சரியில்லாத நிலத்துக்கு எந்தத் திட்டமும் வராது.

காகிதமே இல்லாதவர் ஒருவர் இருக்கிறார். குத்தகைக்காரர். பெங்களூரைச் சுற்றிப் பூவும் காய்கறியும் விளைவிக்கும் தமிழர்களில் பெரும்பகுதி இவர்கள்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கர்நாடக நிலச்சீர்திருத்தச் சட்டம் 1961-ல் வந்தது. 1974-ல் செய்த திருத்தம் அதற்குப் பல் வைத்தது. 1974 மார்ச் 1 அன்று குத்தகையில் இருந்த நிலம் அரசுக்குச் சேர்ந்து, உழுதவர் விண்ணப்பித்து உரிமையாளர் ஆனார். லட்சக்கணக்கான குடும்பங்களை நிலச் சொந்தக்காரர்கள் ஆக்கிய மகத்தான சட்டம் அது. மறுபடி யாரும் குத்தகைக்கு விட்டுச் சுரண்டக் கூடாது என்பதற்காக, ராணுவத்தினர், கடலோடிகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாகக் குத்தகையையே அந்தச் சட்டம் தடை செய்தது. சட்டம் தடுத்தாலும் குத்தகை நிற்கவில்லை, வாய்ப்பேச்சுக்குள் போய் ஒளிந்துகொண்டது. இன்று ஒருவர் வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் கொடுத்து, மூன்று ஏக்கரில் தக்காளி போடுகிறார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் உரிமையாளர் மிரள்கிறார். நாளைக்கு நிலமே போய்விடுமோ என்ற பயம். அவரைக் குறை சொல்ல முடியாது. 1974 எல்லோர் நினைவிலும் இருக்கிறது.

ஆலங்கட்டி மழை அடித்து அந்தத் தக்காளி போனால் என்ன நடக்கிறது? பேரிடர் நிவாரண விதிப்படி, மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பயிர் சேதமானால் மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை. அந்தப் பணம் எஃப்ஐடி யாருடையதோ அவர் கணக்குக்குப் போகிறது. விதை வாங்கியவரும் கடன் வாங்கியவரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். சில உரிமையாளர்கள் மனசாட்சியோடு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவருடைய நல்ல மனதை நம்பி நிற்கும் நிவாரணத்தை அரசுத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் நிலைமை ஓரளவு மேல். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் (பயிர்க் கணக்கில்) சாகுபடி செய்கிறவர் பெயர் வந்தால் குத்தகைக்காரரும் பயிர்க் காப்பீட்டில் சேர முடியும். கர்நாடகத்திலும் பஹணியில் சாகுபடியாளருக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. செல்பேசியில் படம் எடுத்துப் பதிவு செய்யும் பயிர் ஆய்வு ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது. வயலுக்கே போகிறவர், உழுகிறவர் யார் என்று கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். அந்தப் பதிவால் நில உரிமை மாறாது, உதவிக்கு மட்டுமே செல்லும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் உரிமையாளரின் பயமும் தீரும்.

கடனையும் காப்பீட்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி; நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் கழியும், ஆக 4 சதவீதம். மாடு, ஆடு, மீன் வளர்ப்புக்கும் இந்த அட்டை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காரிஃப் (மழைக்காலப்) பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பயிருக்கு) 1.5, தோட்டப் பயிருக்கு 5. ஆலங்கட்டி, வெள்ளம் போலத் தன் வயலில் மட்டும் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. காப்பீட்டில் எழுதிய பயிரும் பயிர் ஆய்வில் பதிவான பயிரும் பொருந்தாவிட்டால் இழப்பீடு நின்றுபோகும். ஆய்வில் என்ன பதிவாகியிருக்கிறது என்று அந்தப் பருவத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

சரி, இனி பாதுகாப்புப் பக்கம். மண்ணையும் நீரையும் காப்பாற்றப் பணம் எப்படிச் செலவாகிறது என்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலை கூடுகிறது.

கோலார் மாவட்டத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். இந்த நிலத்துக்கு அரசு கொடுக்கும் முதல் மருந்து சொட்டுநீர்ப் பாசனம். கர்நாடகத்தில் இரண்டு ஹெக்டேர் வரை 90 சதவீத மானியம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. பயனுள்ள திட்டம், சந்தேகமே இல்லை. களை குறைகிறது, ஆள் கூலி குறைகிறது, விளைச்சல் கூடுகிறது. ஆனால் மிச்சமான தண்ணீர் நிலத்தடியிலேயே நிற்கிறதா? பெரும்பாலும் இல்லை. ஒரு ஏக்கருக்குப் பாய்ந்த தண்ணீர் இப்போது இரண்டு ஏக்கருக்குப் போகிறது, மானாவாரி ராகி இருந்த இடத்தில் தக்காளியும் குடைமிளகாயும் வருகின்றன. அதற்கு விவசாயியைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. வருமானம் கூடும் என்றால் யார்தான் செய்யமாட்டார்கள்? பம்புசெட் மின்சாரம் இலவசம். கர்நாடகத்தில் 10 குதிரைத்திறன் வரை. குழாயைத் தள்ளுபடியில் கொடுத்து, இறைக்கும் செலவையும் இல்லாமல் செய்துவிட்டு, நீர்மட்டத்தை யாரும் அளக்காமல் விட்டால் அது இறங்கத்தான் செய்யும்.

பண்ணைக் குட்டையும் இப்படித்தான். கர்நாடகத்தின் கிருஷி பாக்யா திட்டம் 2014-ல் வந்தது. மழைநீரைக் குட்டையில் பிடித்து, அடியில் பாலிதீன் விரித்து, வறட்சி நாளில் ஓரிரு முறை பயிருக்கு விட்டுக் காப்பாற்றுவது நோக்கம். பொதுப் பிரிவுக்கு 80, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 90 சதவீத மானியம். மழையை மட்டுமே நம்பிய ராகிக்காரருக்கு அந்த ஒரு தண்ணீர் விளைச்சலையே காப்பாற்றித் தந்திருக்கிறது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரை இரவெல்லாம் இறைத்து அதே குட்டையில் தேக்கி வைத்தால், பூமிக்கு அடியில் ஆவியாகாமல் கிடந்த தண்ணீர் வெயிலில் வந்து நிற்கிறது. குட்டை வெட்டியதற்குக் கணக்கு இருக்கிறது. அதில் நிற்பது எந்தத் தண்ணீர் என்பதற்குக் கணக்கு இல்லை.

பெங்களூருக்கு இதில் பங்கு உண்டு. 2018-லிருந்து கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் நம் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். திட்டத்தின் அளவு நாளுக்கு 44 கோடி லிட்டர். நேரடிப் பாசனத்துக்கு அல்ல, ஏரியில் நிறுத்தி நிலத்தடிக்கு இறக்குவதற்கு. தொடங்கிய சில வாரத்திலேயே லட்சுமிசாகர் ஏரியில் நுரை பொங்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வறண்டு கிடந்த ஏரிகள் நிறைந்ததும், சுற்றுவட்டக் கிணறுகளில் நீர் ஏறியதும் உண்மை. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் நிலைக்குப் போங்கள் என்று கோலார் விவசாயிகள் கேட்பதும் நியாயம். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழிந்து தென்பெண்ணையில் போய் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாக நிற்பதும் இதே நகரத்தின் தண்ணீர்தான். அந்த அணையின் ஆயக்கட்டு விவசாயிக்கு எந்த மானியம் கொடுத்தும் அந்த நுரைக்கு ஈடு செய்ய முடியாது.

பணத்தின் அளவைப் பார்த்தால் முன்னுரிமை இன்னும் தெளிவாகத் தெரியும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் உர மானியம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பி.எம். கிசானுக்கு 63,500 கோடி. இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மொத்தத் தொகையே 2,481 கோடி. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும்போது, தழையுரம் விதைத்து மடக்கி உழுங்கள் என்று சொல்லும் அதிகாரியின் பேச்சு எப்படி எடுபடும்?

எனக்குப் பிடித்த திட்டம் ஒன்று உண்டு. பெரிய விளம்பரம் கிடையாது. கர்நாடக வனத்துறையின் கிருஷி அரண்ய புரோத்சாஹ யோஜனை. 2011-12 முதல் நடக்கிறது. மழைக்காலத்துக்கு முன் வனத்துறை நாற்றங்காலில் சலுகை விலைக்குக் கன்று வாங்கி உங்கள் வரப்பிலோ வயலிலோ நடுகிறீர்கள். முதல் வருட முடிவில் உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு 35 ரூபாய், இரண்டாம் வருடம் 40, மூன்றாம் வருடம் 50, ஆக 125 ரூபாய். ஹெக்டேருக்கு 400 கன்று வரை. எல்லாம் பிழைத்தால் மூன்று வருடத்தில் ஹெக்டேருக்கு 50,000 ரூபாய். முந்நூறு பிழைத்தால் 37,500. தொகை பெரிதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் இதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். நட்டதற்குக் காசில்லை, வாங்கியதற்குக் காசில்லை, பிழைத்ததற்குத்தான் காசு. வனத்துறை ஆள் வந்து எண்ணிப் பார்க்கிறார். அதனால் விவசாயி கோடையில் குடம் எடுத்துப் போய் ஊற்றுகிறார், ஆடு கடிக்காமல் முள் கட்டுகிறார். தைலமரத்துக்கு ஊக்கத்தொகை கிடையாது. அதை நடுவதற்கே 2017-ல் கர்நாடகம் தடை விதித்துவிட்டது. ஹொஸ்கோட்டே, கோலார்ப் பக்கம் தைலமரத் தோப்புகள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சியதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடையின் அருமை தெரியும். மலைவேம்பு, தேக்கு, பலா, நாவல், புங்கன் வைக்கலாம். சந்தனமும் வைக்கலாம், 2001-க்குப் பிறகு கர்நாடகத்தில் நில உரிமையாளருக்கே சந்தன மரம் சொந்தம், வெட்ட மட்டும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் அந்தந்தச் சரக வன அலுவலகத்தில்.

பிழைத்ததற்குப் பணம் என்ற இந்த முறையை நீருக்கும் கொண்டுவர முடியும். நிலத்தடி நீருக்கான மத்திய அரசின் அடல் பூஜல் யோஜனை அந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. 6,000 கோடி ரூபாய், பாதி உலக வங்கிக் கடன், கர்நாடகம் உட்பட ஏழு மாநிலங்கள்; தமிழ்நாடு அதில் இல்லை. கிராமப் பஞ்சாயத்து தன் ஊருக்கு எவ்வளவு மழை வருகிறது, எவ்வளவு நீர் இறைக்கிறோம் என்று வரவு செலவு போட வேண்டியிருந்தது. முடிவைப் பொறுத்து மாநிலத்துக்கு ஊக்கத்தொகை. ஆனால் அந்தத் தொகை மாநில அரசுக்குத்தான் போனது. ராகியை விடாமல் போட்டு ஊர்த் தண்ணீரைக் காப்பாற்றிய குடும்பத்தின் கைக்கு அதிலிருந்து நேரடியாக எதுவும் வரவில்லை. சாமை, தினை, வரகு போன்ற சிறுதானியத்துக்குக் கர்நாடகத்தின் ரைத்த சிரி திட்டத்தில் ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அதைப் போல நீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கெல்லாம் கொடுக்கலாமே. அமெரிக்காவில் 1985-லிருந்து மண் அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 வருடம் உழாமல் புல்லோ மரமோ வளர விடுவதற்கு விவசாயிக்கு அரசே வாடகை தருகிறது. நம் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரரிடம் நிலத்தைச் சும்மா விடச் சொல்ல முடியாது. இறைக்காமல் விட்ட தண்ணீருக்கு வாடகை கொடுக்க முடியும்.

கால்நடைக்கு வருவோம். பால் பக்கம் உதவி ஒழுங்காக இருக்கிறது. கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் பாலுக்கு லிட்டருக்கு 5 ரூபாய் அரசு ஊக்கத்தொகை, தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய். நிலமே இல்லாத பெண்கூட இரண்டு மாடு வைத்து இதைப் பெற முடிகிறது. பட்டா கேட்காத அபூர்வமான உதவி இது. ஆட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. தேசிய கால்நடை இயக்கத்தில் 500 பெட்டை, 25 கிடாவோடு பண்ணை போடுகிறவருக்குச் செலவில் பாதி, 50 லட்சம் ரூபாய் வரை மானியம். நிலமும் வங்கிக் கடனும் காட்ட முடிகிறவருக்கான திட்டம். கிடை போட்டு ஊர் ஊராக மந்தை ஓட்டுகிறவருக்கு, ஆடு செத்தால் அனுக்ரஹ திட்டத்தில் இழப்பீடு உண்டு. உயிரோடு இருக்கும் ஆடு மேய இடம்தான் இல்லை.

மேய்க்கால் புறம்போக்கைக் கர்நாடகத்தில் கோமாளா என்கிறார்கள். 100 மாட்டுக்கு 12 ஹெக்டேர் வீதம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது நில வருவாய் விதி. பெங்களூரைச் சுற்றி அந்த நிலம் கல்லூரியாகவும் லேஅவுட்டாகவும் நிறுவனங்களுக்கு ஒதுக்கிய மனையாகவும் போய்விட்டது. நகரத்துக்கு உள்ளேயும் இதே கதைதான் முன்பு நடந்தது. தமிழோடு உறவுள்ள மொழி பேசி வந்த திகளர்கள் ஏரிக்கரைகளில் பூவும் கீரையும் வளர்த்து இந்த நகரத்துக்கு ஊட்டியவர்கள். அவர்களின் தோட்டங்களுக்கு ஆதாரமாக இருந்த சம்பங்கி ஏரியில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. விதை, உரம், பைப் என்று எத்தனை மானியம் இருந்தாலும், நகரத்தை ஒட்டிய வயலையும் மேய்ச்சலையும் அப்படியே வைத்திருப்பதற்கு அன்றும் திட்டம் இல்லை, இன்றும் இல்லை.

அதனால்தான் பெங்களூருக்கு வடமேற்கே உள்ள ஹெசரகட்டாவில் நடப்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். 2024 அக்டோபரில் கர்நாடக வனவிலங்கு வாரியம் அங்கே 5,678 ஏக்கர் புல்வெளியைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க ஒப்புதல் கொடுத்தது. புல்வெளியைப் பாதுகாக்கிறோம் என்று மாடு மேய்க்கிறவரை விரட்டிவிடுவார்களோ என்ற அச்சம் சுற்றியுள்ள ஊர்களில் எழுந்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வனவிலங்குச் சட்டத்தில் 2002 திருத்தம் சேர்த்த 36ஏ பிரிவின்படி, பக்கத்தில் வாழும் மக்களைக் கலந்து பேசித்தான் காப்பகத்தை அறிவிக்க வேண்டும். அறிவிப்பதால் அவர்கள் உரிமை போகாது. 36பி பிரிவு, நிர்வாகக் குழுவில், காப்பகம் எந்தெந்தக் கிராமப் பஞ்சாயத்தின் எல்லைக்குள் வருகிறதோ அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும் என்கிறது. அந்த இடத்தில் மாடு மேய்க்கிற ஒருவரையே உட்கார வைக்கும்படி பஞ்சாயத்துகள் இப்போதே தீர்மானம் போட வேண்டும்.